கழுவி வைத்த குடல்

ஓர் உடம்புக்குள் ஒரு பெருங்குடல் குடியிருந்தது. அந்த உடம்பு கோபிச்செட்டிபாளையத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் சென்னியப்பனுடையது. வயது ஐம்பது தாண்டியிருந்தது. ஆள் கல்லுமாதிரி இருக்கிறார் என்று கடைவீதியே சொன்னது. அவரும் ஒருநாளும் மறுத்ததில்லை.

அந்த உடம்பில் முகத்துக்குக் கண்ணாடி உண்டு, தலைமுடிக்கு டை உண்டு, பல்லுக்குத் தனி டாக்டரே உண்டு. பெருங்குடலுக்கு ஒன்றும் கிடையாது. மேலே இருக்கிறவர்கள் ருசித்துத் தள்ளியதைச் சுமந்து கொண்டுபோய் வெளியே விடுவது அதன் வேலை. நாள் தவறாமல் செய்தது. அதன் பேரைச் சொல்லவே அந்த வீட்டில் கூச்சப்பட்டார்கள். நாற்றத்தைச் சுமக்கிறவனுக்கு மரியாதை தருகிற வழக்கம் நம்மிடம் எங்கே இருக்கிறது, உடம்புக்குள் மட்டும் இருப்பதற்கு?

ஒருநாள் பெருங்குடலின் உள்சுவரில், ஒரு மடிப்பின் மறைவில், மிளகு அளவுக்கு ஒரு சதைமொட்டு முளைத்தது.

"யார் நீ?" என்று கேட்டது பெருங்குடல்.

"எனக்கே தெரியவில்லை. முளைத்துவிட்டேன்."

"வலிக்கிறதா?"

"இல்லை. உனக்கு?"

"எனக்கும் இல்லை."

இரண்டும் சண்டை சச்சரவு இல்லாமல் சில வருஷம் இருந்தன. மொட்டு சுண்டைக்காய் அளவுக்கு வந்தது. ஒருநாள் அது பயந்த குரலில் சொன்னது: "என்னை யாராவது சீக்கிரம் கிள்ளிப் போட்டால் தேவலை. எனக்குள் என்னமோ புத்தி மாறுகிறது. இப்படியே விட்டால் நான் நல்லவனாகவே இருப்பேன் என்று சத்தியம் பண்ண முடியாது."

பெருங்குடலுக்குக் கை கால் ஓடவில்லை. நாக்குக்குச் சொல்லி அனுப்பியது. அந்த உடம்பில் வெளியாட்களோடு பேசத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"நானாக எதையும் பேச முடியாது," என்றது நாக்கு. "வலி வந்து சொன்னால்தான் நான் டாக்டரிடம் சொல்வேன். வலியைப் போய்ப் பார்."

வலி அப்போது முழங்காலில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. "மொட்டு இருக்கிற இடத்தில் எனக்கு வேலையில்லை," என்றது. "அதைக் கிள்ளினால்கூட எனக்குத் தெரியாது. வழி அடைபடட்டும், வருகிறேன்."

"அப்போது வந்து என்ன பிரயோஜனம்?"

"அதை என்னிடம் கேட்காதே. நான் வரவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு திரிவது நானா, அவரா?"

பெருங்குடல் தன் வேலைக்குத் திரும்பியது. வலி சொன்னதில் பொய் இல்லை.

அதற்கப்புறம் ஒரு சாவு வந்து ஒரு வழியைத் திறந்தது. சென்னியப்பனின் அண்ணன் குடல் புற்றுநோயில் செத்துப்போனார். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கூடப் பொறந்தவருக்கு வந்திருக்குதுங்க. உங்களுக்கு வலி, தொந்தரவு எதுவும் இல்லாட்டியும் ஒருக்கா கேமரா குழாய் விட்டுப் பாத்துரோணும். ஏதாவது மொட்டு இருந்தா அப்பவே எடுத்துரலாம்."

சென்னியப்பன் தலையை ஆட்டிவிட்டு வந்தார். மாதங்கள் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஆட்டுக்குடல் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவர் யாரிடமும் விடமாட்டார். வெந்நீர் ஊற்றி, குச்சி விட்டுத் திருப்பி, மஞ்சள் தேய்த்து, ஒரு மடிப்பு பாக்கியில்லாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சாந்தாமணிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, செத்த ஆட்டுக் குடலை இத்தனை தடவ திருப்பிப் பாக்கறீங்க. உசுரோட இருக்கற உங்க குடலை ஒருக்காப் பாத்தா என்னங்க?"

"எனக்கு என்ன புள்ள கேடு? நல்லாத்தான இருக்கறேன்?"

"உங்க அண்ணனும் நல்லாத்தானுங்க இருந்தாரு."

மறுநாள் அவர் டாக்டருக்குப் போன் போட்டார். நாள் குறித்தார்கள்.

பெருங்குடலுக்குத் தலைகால் புரியவில்லை. முந்தின நாளிலிருந்தே கெட்டிச் சோறு நின்றது. சாயங்காலம் பேதி மருந்தைத் தண்ணீரில் கலந்து சொம்பு சொம்பாகக் குடித்தார் சென்னியப்பன். உள்ளே இருந்த அழுக்கெல்லாம் அடித்துக்கொண்டு போனது. விடிந்தபோது பெருங்குடல் வெள்ளையடித்த வீடுபோல இருந்தது. மடிப்பெல்லாம் பளபளத்தது. மறைந்திருந்த மொட்டு இப்போது நட்டநடுவே நன்றாகத் தெரிந்தது.

"பயமாக இருக்கிறதா?" என்றது பெருங்குடல்.

"இல்லை," என்றது மொட்டு. "கெட்டுப்போகிறதுக்கு முன்னாலே போய்விடுவேனே. அதுவே சந்தோஷம்."

மேலே சென்னியப்பன் குளித்துவிட்டு வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். ஒட்டிக் கிடந்தது. இருபது வயதில் இருந்த மாதிரி லேசாக இருந்தது.

அப்போது வெட்கம் வந்து அவர் காதோரம் உட்கார்ந்தது. "அந்த ஆஸ்பத்திரி அங்கியைப் போடச் சொல்வார்கள். பின்னால் முழுக்கத் திறந்திருக்கும். நர்ஸ் நம்ம ஊர்ப் பெண்ணாக இருந்தால்?" என்றது.

நாக்கும் அதோடு சேர்ந்துகொண்டது. ஒருநாள் பட்டினிக்கே அது செத்துக்கொண்டிருந்தது. அடுக்களையில் வேறு இட்லிச் சட்டியில் ஆவி பறந்தது. ஊரில் எவனுக்கு எது நேர்ந்தாலும் தன் இலைக்கு முதலில் விழவேண்டும் என்று நினைக்கிற சாதி அது. வலி வந்து சொன்னால்தான் பேசுவேன் என்று சட்டம் பேசிய நாக்கு, அன்றைக்கு யாரும் சொல்லாமலே பேசியது.

"சாந்தா, வவுறு சுத்தமாக் கழுவியாச்சு. தண்ணியாட்டம் போயிருச்சு. இனி அதுல குழாயை விட்டு என்னத்தப் பாக்கறது?"

"என்னங்க பேசறீங்க? பாக்கறதுக்குத்தானுங்க கழுவச் சொன்னாங்க!"

"எங்கப்பன் வருசம் தவறாம வெளக்கெண்ணெய் குடிச்சுப் பேதிக்குப் போவாரு. எம்பது வயசுக்கு மேல இருந்தாரு. கேமராவா விட்டுப் பாத்தாரு? உள்ள இருந்தது எல்லாம் வெளிய வந்துருச்சு. நீ இட்லியப் போடு."

"உங்களுக்குக் கும்புடு போடறனுங்க. கெளம்புங்க."

"போடுன்னா போடு!"

சாந்தாமணி தட்டை வைத்த சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது. அவள் அழுதாள். அவர் சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் குழாய் தயாராக இருந்தது. அதன் முனையில் விளக்கு, உள்ளே மொட்டைக் கிள்ளுகிற கம்பிக் கண்ணி. நர்ஸ் சென்னியப்பன் பேரைக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

உடம்புக்குள் முதல் இட்லி வந்து இறங்கியபோது பெருங்குடல் அதை நம்பவில்லை. "யாரோ வருவதாகச் சொன்னார்களே?" என்றது மொட்டு. பெருங்குடல் வந்ததைச் சுமக்க ஆரம்பித்தது. வேறென்ன தெரியும் அதற்கு?

"குடலைக் கழுவிட்டேன்" என்று சென்னியப்பன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை.

வருஷங்கள் போயின. மொட்டு இப்போது மொட்டு இல்லை, கட்டி. வாடகைக்கு வந்து வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டவன் மாதிரி அது பெருங்குடலை மிரட்டியது. உள்ளே சொட்டுச் சொட்டாக ரத்தம் போனது. ரத்தம் குறைந்த அசதியில் சென்னியப்பன் கல்லாவிலேயே சாய்ந்து தூங்கினார். வெயில் என்றார், வயசு என்றார்.

கடைசியில் வழி அடைபட்டது. சொன்ன வாக்குத் தவறாமல் வலி வந்தது.

வலிக்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்கவேண்டும்! கார் வந்தது, சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள், நாக்கு தெருவே கேட்கும்படி கத்தியது. வெட்கம் இருந்த இடம் தெரியவில்லை. திறந்த அங்கியை அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அன்றைக்குத்தான் குழாய் உள்ளே வந்தது. கொஞ்ச தூரம்தான் வரமுடிந்தது.

"வழி விடு," என்றது குழாய்.

"இப்போது வந்து கேட்கிறாயா?" என்றது கட்டி.

"அன்றைக்கும் நான் தயாராகத்தான் இருந்தேன்."

"நானும்தான் இருந்தேன். அன்றைக்குக் கிள்ளியிருந்தால் மறுபேச்சில்லாமல் உன்னோடு வந்திருப்பேன். இன்றைக்கு ஈரல் வரைக்கும் எனக்குச் சொந்தபந்தம் இருக்கிறது."

குழாய் விளக்கைத் திருப்பிக்கொண்டு வெளியேறியது. பெருங்குடல் அந்த வெளிச்சம் போவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் டாக்டர் சாந்தாமணியிடம் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். ஈரலுக்குப் பரவிவிட்டது என்றார். இனி வலியைக் குறைக்கத்தான் பார்க்கவேண்டும் என்றார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கே வந்திருந்தா, டாக்டர்?"

டாக்டர் கட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள பாக்கறப்பவே கிள்ளி எடுத்திருப்போமுங்க. மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்குப் போயிருப்பாரு."

கட்டிலில் கண்மூடிக் கிடந்த சென்னியப்பனுக்கு அது காதில் விழுந்தது. நாக்கு ஏதோ சொல்ல வந்து, வறண்டுபோய் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்கு இப்போதெல்லாம் பசியே எடுப்பதில்லை.