மறுப்பவர் உண்டா?

கேள்வி கடைசியில்தான் வரும். அதுவரை குறுக்கே விழாமல் கேளுங்கள். விடை தெரிந்துவிட்டது என்று பாதியிலேயே துள்ளுகிறவர்கள்தான் இந்தக் கதையில் வழக்கமாக ஏமாறுகிறார்கள்.

ஓர் உள்கடல். அதில் உரிமையுள்ள நாடுகள் மூன்று. தெற்கே வயல்நாடு, ஆறும் நெல்லும் அதனுடையவை. மேற்கே துறைநாடு, அங்கே வணிகர்கள். கடலின் நடுவே மணல்தீவு. அந்தத் தீவில் மீனைத் தவிர ஒன்றும் கிடையாது. குடிக்கிற தண்ணீர்கூட வயல்நாட்டு ஆற்றிலிருந்து படகில்தான் வந்தாக வேண்டும். வடக்கே நாணற்கரை மக்களும் இருந்தார்கள். அவர்களை யாரும் நாடு என்று ஒப்புக்கொள்ளவில்லை, ஆகவே அவையில் அவர்களுக்கு நாற்காலியும் இல்லை.

கடலில் மீன் குறைந்துகொண்டே வந்தது. அவை கூடும்போது நடக்கும் விருந்தில் ஒரு காலத்தில் முழ நீளக் கொடுவா பரிமாறினார்கள். இப்போது நெத்திலி, அதுவும் ஆளுக்கு நாலு. முட்டையிடும் மூன்று மாதம் யாரும் வலை போடாமல் கடலை அடைத்தால் மீன் தப்பும், அடைக்காவிட்டால் மூன்றே வருடத்தில் வெறும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். இதில் யாருக்கும் ஐயமில்லை. ஐயமே இல்லாத விஷயத்துக்குத்தானே உலகத்தில் அதிகம் கூட்டம் போடுகிறார்கள்!

அவையில் வாக்கெடுப்பு என்பதே கிடையாது. தலைவர் தீர்மானத்தைப் படித்துவிட்டு, "மறுப்பவர் உண்டா?" என்று மூன்று முறை கேட்பார். ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் செத்தது. எல்லாரும் சும்மா இருந்தால் மௌனம் சம்மதம். ஒருமனதான முடிவு என்று முரசு கொட்டுவார்கள். தலைவர் துறைநாட்டு மலைக்கொழுந்தார். மரபுப்படி தலைவர் மறுக்கக் கூடாது. ஆகவே 'மறுக்கிறேன்' என்று சொல்லக்கூடிய வாய்கள் இரண்டுதான்: வயல்நாட்டு அமைச்சர் அம்பலவாணருடையது ஒன்று, மணல்தீவின் சார்பில் வந்திருந்த வலைக்காரி பவளாயியுடையது மற்றொன்று.

முதல் நாளே நாணற்கரையிலிருந்து வந்த ஓலையை எல்லார் காதிலும் விழும்படி படித்தார்கள். "நீங்கள் ஒத்துப்போனால் உங்கள் தீர்மானமே எங்களுக்கும். ஒத்துப்போகாவிட்டால் எங்கள் நாணல்துறையை நாங்களே அடைத்துவிடுவோம்." இந்தக் கடலின் மீன்களில் பாதிக்கு மேல் முட்டையிடுவது அந்த நாணலுக்குள்தான். நாற்காலி இல்லாதவர்கள் சொன்னது என்பதால் ஓலையை மடித்து ஓரமாக வைத்தார்கள்.

பிறகு பவளாயி எழுந்தாள். அவள் மகள் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. "கடல அடைங்கய்யா, நான் வேணாங்கல. அந்த மூணு மாசம் எங்க நானூறு வீட்டுக்கும் அரிசி குடுங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணு காத்தையா குடிக்கும்?"

"இன்னைக்கு ஒனக்குக் குடுத்தா நாளைக்கு ஊரே கையேந்தும் தாயி," என்றார் அம்பலவாணர். "அரிசிப் பேச்ச விடு. கடல முழுசா அடைக்கணும், அதுதான் எங்க ராசாவோட முடிவு." சென்ற வருட நெல் அவர் நாட்டுக் களஞ்சியத்தில் புழுத்து மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எட்டு நாள் இதே பேச்சு. மலைக்கொழுந்தார் தலைமையில் அதுவரை நடந்த பத்தொன்பது கூட்டமும் ஒருமனதாகத்தான் முடிந்திருந்தன. இருபதாவது உடைந்துவிடுமோ என்று அவருக்குத் தூக்கமில்லை. ஒன்பதாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தார். 'கடலை அடைக்க வேண்டும்' என்றிருந்ததை 'இயன்றவரை அடைக்க முயல வேண்டும்' என்று திருத்தினார். பாம்பும் சாகாமல், பாம்படித்த கோலும் நோகாமல்!

அன்று காலை அவைக்குள் நுழையும்போது அம்பலவாணர் படியில் நின்று பவளாயியைப் பார்த்துச் சிரித்தார்.

"தண்ணிப் படகு தவறாம வருதா தாயி?"

"வருதுங்கய்யா."

"நல்லது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"மறுப்பவர் உண்டா?" என்று கேட்டார் மலைக்கொழுந்தார். யாரும் பேசவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது பவளாயியின் உதடு அசைந்தது. எதிரே இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். மூன்றாம் முறையும் கேட்டார். முரசு கொட்டியது.

நாணற்கரை மக்கள் துறையை அடைக்க வெட்டி வைத்திருந்த மூங்கிலை அடுப்புக்குக் கொண்டுபோனார்கள். எல்லாரும் இயன்றவரை முயன்றார்கள், எல்லாருடைய படகும் கடலுக்குப் போனது. மூன்றாம் வருடம் வலையில் பாசிதான் ஏறியது. மணல்தீவு காலியானது. பவளாயி மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வயல்நாட்டுக்கு நாற்று நடப் போனாள்.

இப்போது சொல்லுங்கள். நீர்த்துப்போன தீர்மானத்தை எழுதியவர் மலைக்கொழுந்தார். அதற்கு வாய் மூடியிருந்தவள் பவளாயி. கடலை முழுதாக அடைக்கச் சொல்லி எட்டு நாளும் வாதாடியவர் அம்பலவாணர். இந்த மூவரில் கடலைக் கொன்றது யார்?

விடை: அம்பலவாணர். அன்று கூட்டம் உடைந்திருந்தால் நாணல்துறை அடைபட்டிருக்கும், பாதி மீனாவது பிழைத்திருக்கும். தலைவருக்கு மறுக்க உரிமையில்லை. பவளாயி மறுத்திருந்தால் தண்ணீர்ப் படகு நின்றிருக்கும். படியில் கேட்ட நலவிசாரிப்பின் பொருள் அதுதான். எதையும் இழக்காமல் மறுத்திருக்கக் கூடியவர் அவர் ஒருவரே. ஆனால் கூட்டம் உடைந்தால் பழி வரும், முழுதாக அடைத்தால் என்றைக்காவது அரிசி கொடுக்க நேரும். ஒருமனதான முடிவில் இரண்டும் இல்லை.

இந்த விடையைப் பவளாயியிடமே போய்ச் சொன்னேன். வரப்பில் நின்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் நாற்றைக் கையில் பிடித்தபடி நாலாபுறமும் பார்த்தாள்.

"மெல்லப் பேசுங்கய்யா," என்றாள். "இங்கதான் எங்களுக்குக் கஞ்சி ஊத்துறாங்க."