திரையில் வராத அஞ்சு எழுத்து

செண்பகவல்லி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மடியில் இலை விழ ஒரு சுளகு. ரிப்பேர் கடைக்குள் உட்கார்ந்து கீரை உருவுவது அவளுக்கே கூச்சம்தான். ஆனால் வீட்டுக்குப் போனால் கைக்குழந்தை பாப்பா விட்டால்தானே.

"டீச்சர், நான் அப்பாகிட்ட பேசுறதையே விட்டுட்டேன்."

ஜெபா நிமிரவில்லை. ஒரு பழைய கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து, பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். வயசில் செண்பகத்தைவிடச் சின்னவள். ஆனாலும் ரிப்பேர் வேலை சொல்லித் தருகிறவள். அதனால் செண்பகத்துக்கு அவள் டீச்சர். அவளுக்குச் செண்பகம் அக்கா.

"ஏங்க்கா?"

"பேசி என்ன ஆகப்போகுது?"

அப்பா கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு மைக்கில் ஊர்ப்பேர் சொன்னவர். பக்கவாதம் வந்து பிழைத்தார். வாயில் அந்த ஊர்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

தண்ணி வேணுமென்றால் "கயத்தாறு" என்பார். பசித்தால் "எட்டயபுரம்". சில நாள் பசித்தாலும் "கயத்தாறு"தான்.

மகளைக் கூப்பிடுவது "சாத்தூர்".

"நான் சாத்தூர் இல்லப்பா, செண்பகம்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம், டீச்சர். உள்ள ஒண்ணுமே இல்ல போலிருக்கு. எதுக்குச் சுவத்துகிட்ட பேசிக்கிட்டு?"

அப்பா கடை வாசலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பாப்பா தூங்கியது.

ஜெபா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"கீரையை வச்சிட்டு, டிஸ்க்ல இருந்து காப்பி எதுவரைக்கும் வந்திருக்குன்னு பாருங்க."

அப்பா நன்றாக இருந்தபோது பேசிப் பதிவு செய்ததெல்லாம் ஒரு பழைய டிஸ்கில் இருந்தது. அதிலிருந்து புது டிஸ்குக்குக் காப்பி ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அந்தப் பழைய டிஸ்கைச் சுற்ற வைப்பதற்குள் ஜெபாவுக்கு உயிர் போய்விட்டது. இன்னொரு தடவை நின்றால் அவ்வளவுதான், இனி எழும்பாது என்று சொல்லியிருந்தாள். வாதம் வந்த பிறகு செண்பகத்துக்குப் பிறந்த பிள்ளை பாப்பா. தாத்தாவின் குரலை அது ஒரு நாளும் கேட்டதில்லை.

செண்பகம் கையைத் துடைத்துக்கொண்டு காப்பி ஓடிய கம்ப்யூட்டரின் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்சம் வந்திருந்தது. அதில் ஒன்றைப் பார்த்துவிட ஆசை. எழுதி வைத்ததை வாசித்துக் காட்டும் கட்டளை ஒன்று அவளுக்குத் தெரியும். அதைப் போட்டாள்.

திரை கீச்சிட்டது. கட்டம் கட்டமாய், கோடு கோடாய், என்னென்னவோ கொட்டியது. நல்ல எழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"அய்யோ டீச்சர்!"

அணைத்துவிடக் கை சுவிட்சுக்குப் போனது. ஜெபா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"குரலைப் போய் வாசிக்கச் சொன்னீங்களாக்கும்?" சிரித்தாள். "அது என்ன செய்யும், பாவம்."

"எல்லாம் போச்சா?"

"பெட்டியில காதை வச்சிப் பாருங்க."

வைத்தாள். உள்ளே டிஸ்க் முணுமுணுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னியது.

"முதல்ல ஒரு என்டர் தட்டுங்க. வாயில மிச்சம் கிடக்கிறதைத் துப்பட்டும்."

தட்டினாள். இன்னும் ரெண்டு வரி குப்பை வந்தது.

"இப்ப ரீசெட்னு அடிங்க. இங்கிலீஷ்ல அஞ்சு எழுத்து."

ஒரு எழுத்தை அடித்தாள். திரையில் ஒரு கோணல் கோடு விழுந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு காட்டுது."

"காட்டட்டும்."

"தப்பாத்தானே வருது?"

"நீங்க சரியாத்தானே அடிச்சீங்க?"

"ஆமா."

"பெறகென்ன? திரையைப் பாக்காதீங்க. அடிங்க."

செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள். மீதி நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாய்த் தேடித் தடவி அடித்தாள். கையெல்லாம் கீரை வாசம். என்டரைத் தட்டிவிட்டு, கண்ணைத் திறக்கப் பயந்து அப்படியே இருந்தாள்.

"பாருங்கக்கா."

திரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டியது.

"இப்ப என்னென்ன வந்து சேந்திருக்குன்னு அதுகிட்ட கேளுங்க."

கட்டளை அடித்துக் கேட்டாள். பதிவுகளின் பேர்கள் திரையில் வரிசையாய், தெளிவாய் வந்து நின்றன. முன்னே பார்த்ததைவிடக் கூட இருந்தன.

செண்பகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாய்க் கேட்டாள்.

"அது குளறிக்கிட்டுக் கெடந்தப்பவும் வேலை நடந்துதா?"

"நடந்துது."

"நான் அடிச்சதும் அதுக்குக் கேட்டுதா?"

"கேட்டதாலதானே சரியாச்சு."

ஜெபா சுளகை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மிச்சக் கீரையை உருவ ஆரம்பித்தாள்.

செண்பகம் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், அப்படின்னா, சுவரு சுவருன்னு நான் சொன்னதெல்லாம் எங்கப்பா இங்கன உக்காந்து கேட்டுக்கிட்டு..."

வாசலில் பாப்பா முழித்துக்கொண்டு அழுதது. அதற்கு மேலே அப்பாவின் குரல், மைக் பிடித்த காலத்துச் சத்தத்தில்:

"சாத்தூர்! ஏ சாத்தூர்!"

"இந்தா வந்துட்டேம்ப்பா," என்று செண்பகம் எழுந்து ஓடினாள். "பாப்பாவை அப்படியே பிடிச்சிக்கோங்க, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."