ஐந்து பங்காகப் பிரித்த பாஸ்வேர்டு

கொடுமுடியில் ரயில்வே கேட்டைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் சின்னமுத்துவின் பந்தல் வாடகைக் கடை வரும். கடை என்று சொன்னால் சின்னமுத்துவுக்குப் பிடிக்காது, ஆபீஸ் என்று சொல்ல வேண்டும். முன்னால் ஓர் அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர். பின்னால் கொட்டகை, அதில் மூங்கில், துணி, நாற்காலி, ஜமக்காளம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பந்தல் போடுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. பந்தல் போடாத நேரங்களில்தான் சிக்கல்.

முதலாளி சின்னமுத்துவையும் சேர்த்து ஆபீசில் ஐந்து பேர். வையாபுரி லாரி ஓட்டுவான். மாரப்பன் சீரியல் லைட் கட்டுவான். ருக்மணி பூ அலங்காரம் செய்வாள். தனபாக்கியம் போன் எடுப்பாள், கண்ணாடி போட்டிருந்ததால் கம்ப்யூட்டரும் அவள் பொறுப்பிலேயே இருந்தது. அதில் ஆர்கனைசர் என்று ஒரு சாப்ட்வேர். எந்தத் தேதியில் யார் வீட்டில் விசேஷம், என்ன சாமான் போக வேண்டும் என்பதெல்லாம் அதற்குள்தான். யாருக்கு என்ன தெரிய வேண்டுமோ, தனபாக்கியத்தின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் ருக்மணியின் வீட்டுக்காரருக்குத் தாராபுரத்துக்கு மாற்றல் வந்தது. அதே மாதம் மாரப்பன் ஏணியிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டோடு பவானியிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். இரண்டு பேருக்கும் வேலையை விட மனமில்லை. சின்னமுத்துவுக்கும் அவர்களை விட மனமில்லை.

"இப்பெல்லாம் உலகமே வீட்டுல இருந்துதான் வேலை செய்யுது. நீங்களும் செய்யுங்க" என்றார்.

செய்தார்கள். தினமும் காலையில் ருக்மணி போன் செய்வாள். தனபாக்கியம் ஸ்கிரீனில் இருப்பதை முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டுவாள். முடித்ததும் மாரப்பன் கூப்பிடுவான். அவனுக்கும் முதலிலிருந்து படிப்பாள். அதற்குள் யாராவது ஏதாவது மாற்றியிருப்பார்கள், ருக்மணி மறுபடி கூப்பிடுவாள். பந்தல் வேண்டும் என்று கூப்பிட்டவர்களுக்கெல்லாம் லைன் பிசியாகவே இருந்தது. இப்படியே போனால் தொழில் படுத்துவிடும் என்று பயந்து, சின்னமுத்து சாப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டார். சென்னையிலிருந்து யாழினி என்ற பெண் பேசினாள்.

"ரொம்ப ஈஸி சார். வெளியூர்ல இருக்கிற ரெண்டு பேருக்கும் நீங்க ஒரு இன்விடேஷன் அனுப்பணும். அவங்க அதை ஏத்துக்கிட்டா உள்ள வந்துடலாம்."

போனை வைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"அனுப்பணும்னு சொல்லுச்சே, தபால்ல அனுப்பினா மரியாதையா இருக்குமுங்களா?" என்று வையாபுரி கேட்டான்.

"இருக்காது" என்றார் சின்னமுத்து. "நம்ம ஆளுங்க. நேர்ல போய்த்தான் வெக்கோணும்."

"முகூர்த்தம்?" என்றாள் தனபாக்கியம்.

"வர்ற வெள்ளிக்கிழமை போடு. ராகு காலம் கழிச்சு."

பத்திரிகை அச்சாகி வந்ததும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார்கள். 'எங்கள் ஆர்கனைசருக்குள் தாங்கள் குடும்பத்துடன் வருகை தந்து' என்று நல்ல எழுத்தில் போட்டிருந்தார்கள். வையாபுரியும் தனபாக்கியமும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துத் தாராபுரத்துக்கும் பவானிக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் யாழினி போன் செய்தாள். "இன்விடேஷனை ஏத்துக்கிட்டாங்களா சார்?"

"சந்தோசமா ஏத்துக்கிட்டாங்க அம்மணி. ருக்மணி வீட்டுல காப்பி, பவானியில சாப்பாடே போட்டுட்டாங்க."

யாழினி, "சரி சார். யாருக்கு என்ன பர்மிஷன் குடுக்கப் போறீங்க? பார்க்க மட்டுமா, மாத்தவுமா?" என்று கேட்டாள்.

"மாரப்பனுக்குக் கை சரியில்ல. அதனால பார்க்க மட்டும். ருக்மணி மாத்தலாம்."

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். ருக்மணி நாற்காலியையெல்லாம் சுவரோரமிருந்து நடுவுக்கு மாற்றினாள், மேசையிலிருந்த பூச்சாடியை ஜன்னலுக்கு மாற்றினாள். தனக்குப் பர்மிஷன் இருப்பது அவளுக்குத் திருப்தியாக இருந்தது. மாரப்பன் முன்னால் பஜ்ஜித் தட்டை வைத்தார்கள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆறிப் போகும்வரை பார்த்தான். பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் பர்மிஷன் இல்லையென்பதால் யாரும் அவனை வற்புறுத்தவில்லை.

சாயங்காலம் இருவரும் பஸ் ஏறிப் போனபிறகுதான், வெளியூரில் இருந்தபடியே பார்க்கும் வழி இன்னும் கிடைக்கவில்லை என்பது சின்னமுத்துவுக்கு உறைத்தது. மறுபடி யாழினியைக் கூப்பிட்டார்.

"சார், மொதல்ல ஒரு பாஸ்வேர்டு வையுங்க. யாருக்கும் தெரியக்கூடாது. அது ரொம்ப முக்கியம்."

யாருக்கும் என்றால் தானும் அதில் சேர்த்திதானே என்று சின்னமுத்து நினைத்தார். நேர்மையான மனிதர். தனபாக்கியத்தையும் வையாபுரியையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு பத்து விரலாலும் தட்டினார்.

அதற்குப் பிறகு ஆர்கனைசர் யாருக்கும் திறக்கவில்லை.

"பாஸ்வேர்டு மறந்துட்டீங்களா சார்?" என்றாள் யாழினி.

"மறக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்சிருக்கோணுமே அம்மணி. நீங்க சொன்னபடி தெரிஞ்சுக்கவே இல்ல."

யாழினி பொறுமைசாலி. "பரவாயில்ல சார். நானே ஒண்ணு வச்சு உங்க வாட்சப்புக்கு அனுப்பறேன். பத்து எழுத்து. அதை நீங்க அஞ்சு பேரும் ஷேர் பண்ணிக்குங்க. வெளியாளுங்க யாருக்கும் சொல்லாதீங்க" என்றாள்.

"ஷேர்னா என்னங்க?" என்று வையாபுரி கேட்டான்.

"ஷேர் ஆட்டோல பாத்ததில்லையா? ஆளுக்குக் கொஞ்சம் எடம். பங்கு" என்றார் சின்னமுத்து. "பத்து எழுத்து, அஞ்சு பேரு. ஆளுக்கு ரெண்டு. அந்தப் பொண்ணு கணக்குப் போட்டுத்தான் குடுத்திருக்குது."

பங்கு பிரிக்கும்போது எல்லோரும் இருக்க வேண்டும் என்பதால் ருக்மணியும் மாரப்பனும் வரவழைக்கப்பட்டார்கள். சின்னமுத்து பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி, வாட்சப்பில் வந்ததை அழித்துவிட்டு, கண்ணை மூடியபடியே கத்தரிக்கோலால் வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்.

தனபாக்கியத்துக்கு முகம் சுண்டிவிட்டது. "எனக்கு வந்த ரெண்டும் ஒரே எழுத்துங்க. மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு, எனக்கு மட்டும் ஒண்ணு கெடச்ச மாதிரித்தானே?"

"சத்தமாச் சொல்லாதே. அடுத்தவங்க பங்கு அடுத்தவங்களுக்குத் தெரியக்கூடாது."

"அப்ப நீங்க எழுதினீங்களே, உங்களுக்கு மட்டும் முழுசும் தெரியுமே" என்றான் மாரப்பன்.

"எழுதறப்ப கவனிக்கல" என்றார் சின்னமுத்து. எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். அவர் எதையும் கவனிக்க மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம்.

அதிலிருந்து புதுமுறை அமலுக்கு வந்தது. ஒருவர் தட்டுவதை மற்றவர் பார்த்துவிடக் கூடாது என்று கம்ப்யூட்டரைச் சுற்றி மூங்கில் நட்டு, மஞ்சள் துணி கட்டி, சின்னதாக ஒரு பந்தல் போட்டார்கள். வாசலில் வாழைமரம் மட்டும்தான் இல்லை. தினமும் காலையில் தாராபுரம் பஸ்ஸில் ருக்மணியும், பவானி பஸ்ஸில் மாரப்பனும் வந்து இறங்குவார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய்த் தங்கள் இரண்டு எழுத்தைத் தட்டிவிட்டு வெளியே வருவார்கள். ஆர்கனைசர் திறக்கும். மற்ற நான்கு பேரும் தனபாக்கியத்தின் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

"மொதல்ல போன்ல வெறும் குரல்தான் கேட்டுச்சு. இப்ப ஆளே வந்துடுறாங்க. என்ன டெக்னாலஜி பாருங்க" என்று சின்னமுத்து வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

மாரப்பனுக்கு மட்டும் ஒரு சங்கடம். அவன் பங்கில் ஒன்று பெரிய எழுத்து. ஷிப்ட் கட்டையை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு இன்னொரு கையால் எழுத்தைத் தட்ட வேண்டும். அவனுக்கு இருந்தது ஒரு கை. அது பற்றி ஒரு காலை முழுவதும் விவாதம் நடந்தது.

"கூட ஒருத்தர் போய் ஷிப்டை அமுக்கினா?" என்றாள் ருக்மணி.

"ஷிப்ட் பாஸ்வேர்டுல சேர்த்தியா, இல்லையா? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்றான் வையாபுரி.

சின்னமுத்து ஷிப்டை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். "அமுக்கினா ஒண்ணும் விழ மாட்டேங்குது. விழாதது எழுத்தல்ல. அதனால அது ரகசியமில்ல. வையாபுரி, நீ போய் அமுக்கு. கண்ணை மட்டும் மூடிக்க."

கண்ணை மூடிய வையாபுரிக்கு ஷிப்ட் எங்கே என்று தெரியவில்லை. மாரப்பன் அவன் விரலைப் பிடித்துக் கட்டையின்மேல் வைத்தான். பிடித்த கையை எடுத்தால்தானே எழுத்தைத் தட்ட முடியும், எடுத்தால் விரல் நகர்ந்துவிடுகிறது. ஆனாலும் முயற்சியைக் கைவிடாமல் தினமும் எப்படியோ சமாளித்தார்கள்.

இப்படியிருக்க, ஒருநாள் காலையில் ராக்கியப்பன் என்ற பெரிய விவசாயி வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். மறுநாள் விடிகாலையில் அவர் மகளுக்குக் கல்யாணம். தோட்டத்து வீட்டில் உறவுக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பந்தல் போட ஒரு மூங்கில்கூட வந்து சேரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வருகிறார்கள். மகள் காலையிலிருந்தே வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அழாதது ஒன்றுதான் பாக்கி.

"ஏம்ப்பா, என்னாச்சு?" என்றார்.

"உக்காருங்க. கம்ப்யூட்டரைப் பாத்துச் சொல்லிடறோம்" என்றாள் தனபாக்கியம். "ருக்மணி பஸ் வரட்டும்."

ருக்மணி பஸ் வந்தது. பவானி பஸ் வரவில்லை. ராக்கியப்பன் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். மத்தியானம் நெருங்கும்போது மாரப்பன் வந்தான். ஐந்து பேரும் முறையாக மஞ்சள் துணிக்குள் போய்வந்தார்கள். திறக்கவில்லை. அவசரத்தில் வரிசை மாறிவிட்டது. மறுபடி போனார்கள், அதுவும் தப்பு. மூன்றாவது முறை, 'சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும்' என்று ஸ்கிரீனில் வந்தது.

"சிறிது நேரம்னா எவ்வளவு?" என்றான் வையாபுரி.

"கொஞ்ச நேரத்தைவிடக் கம்மி" என்றார் சின்னமுத்து. "ஒரு டீ குடிக்கலாம், வடை கூடாது."

ராக்கியப்பனால் தாங்க முடியவில்லை. "அட சாமிகளா, அதுல என்ன பாக்கோணும்? என் வீட்டுக்குத்தானே பந்தல்? வீடு எங்க இருக்குதுன்னு நானே சொல்றேன். எவ்வளவு பெரிசுன்னும் சொல்றேன். கெளம்புங்க."

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னமுத்து அவர் தோளில் ஆதரவாகக் கை வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. நீங்க வெளியாளு. இந்த விவரத்துக்குள்ள வர்றதுக்கு உங்களுக்குப் பத்திரிகை வெக்கலியே. வர்ற வெள்ளிக்கிழமை நாள் நல்லாருக்குது. வெச்சிடறோம்."

ராக்கியப்பன் எழுந்து வெளியே போய்விட்டார். பாவம், மனசு கஷ்டப்பட்டுவிட்டார் என்று ருக்மணி வருத்தப்பட்டாள்.

டீ குடித்து முடித்து மறுபடி முயன்றார்கள். மாரப்பன் விரலைப் பிடித்தான், வையாபுரி கண்ணை மூடினான், ஏதோ ஒரு கணத்தில் எல்லாம் கூடி வந்து ஆர்கனைசர் திறந்தது. தனபாக்கியம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"ராக்கியப்பன் வீட்டுக் கல்யாணம். பந்தல் பெரிசு. தோட்டத்துக்கு வழி தெரியாது. கல்யாணத்துக்கு மொத நாள் அவரே நேர்ல வந்து லாரியக் கூட்டிக்கிட்டுப் போவாரு." கல்யாண அலைச்சலில் ராக்கியப்பனும் இதை மறந்திருந்தார்.

"அப்ப அவரு வர்ற வரைக்கும் இருக்க வேண்டியதுதான்" என்றார் சின்னமுத்து.

இருந்தார்கள். பொழுது சாய்ந்தது. வையாபுரி லாரிக்குத் தண்ணீர் ஊற்றக் கொட்டகைப் பக்கம் போனவன் மெதுவாகத் திரும்பி வந்தான்.

"லாரியக் காணோமுங்க. மூங்கில், துணி, நாற்காலி ஒண்ணையும் காணோம்."

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். கொட்டகை சுத்தமாகத் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. எதிர்க்கடைக்காரரை விசாரித்ததில், இவர்கள் மஞ்சள் துணிக்குள் போய்வந்துகொண்டிருந்த மத்தியானமே ராக்கியப்பன் தன் மச்சான்களோடு வந்து எல்லாவற்றையும் ஏற்றி, லாரியையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். இந்நேரம் தோட்டத்தில் பந்தல் நின்றிருக்கும், அந்தப் பெண்ணின் முகமும் தெளிந்திருக்கும்.

சின்னமுத்து திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் நின்றார். ஸ்கிரீனில் இருந்ததை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அவரே வருவாரு, அவரே லாரியக் கூட்டிக்கிட்டுப் போவாருன்னு போட்டிருக்குது. அதேமாதிரி நடந்திருக்குது" என்றார். "நாம கையே வெக்கல."

அன்று முதல் அந்த சாப்ட்வேரின்மேல் அவருக்கு இருந்த மதிப்பு பலமடங்கு கூடிவிட்டது. கல்யாணம் முடிந்து லாரியும் சாமானும் திரும்பி வந்தபிறகு, ருக்மணியும் மாரப்பனும் தினமும் பஸ்ஸில் அலைவதைப் பார்க்கச் சகிக்காமல், கொடுமுடியிலேயே ஆளுக்கொரு அறை பார்த்துக் கொடுத்தார். ருக்மணியின் வீட்டுக்காரர் மட்டும் தாராபுரத்திலேயே இருந்தார்.

சில வாரம் கழித்து யாழினி விசாரித்தாள். "எப்படி சார் போகுது? இப்ப வெளியூர்ல எத்தனை பேர் இருக்காங்க?"

"ஒருத்தரும் இல்ல அம்மணி. எல்லாரும் உள்ளூருதான்."

"அப்ப இந்த வசதி உங்களுக்குத் தேவையே இல்லையே சார். எடுத்துடட்டுமா?"

சின்னமுத்து பதறிவிட்டார். ஒருநாள் அவகாசம் கேட்டு, எல்லோரையும் உட்கார வைத்தார். இவ்வளவு நல்ல வசதி கைவிட்டுப் போகக் கூடாது. யாராவது வெளியூர் போயே ஆக வேண்டும். யார் போவது? வையாபுரி போனால் லாரி நிற்கும். முதலாளி போனால் தொழில் நிற்கும். மாரப்பனும் ருக்மணியும் இப்போதுதான் அறையில் சாமான் இறக்கியிருக்கிறார்கள்.

கடைசியில் தனபாக்கியம்தான் சொன்னாள். "நாம எதுக்குங்க போகோணும்? கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வெளியூர்ல வெச்சுட்டா, நாம அஞ்சு பேருமே வெளியூர் ஆளுங்கதானே?"

மறுநாளே கம்ப்யூட்டரைத் தாராபுரத்தில் ருக்மணி வீட்டு ஹாலுக்கு மாற்றி, சுற்றிலும் மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள். இப்போது தினமும் காலையில் ஐந்து பேரும் கொடுமுடியிலிருந்து லாரியில் ஏறித் தாராபுரம் போகிறார்கள். ருக்மணியின் வீட்டுக்காரர் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார். பொழுது சாய்ந்ததும் லாரியில் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

போன வாரம் சின்னமுத்துவைப் பார்த்தபோது, இந்த ஏற்பாடு எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"ரொம்ப சௌகரியமுங்க. ஆபீசுக்கே போறதில்ல. எல்லாரும் வீட்டுல இருந்துதான் வேலை. என்ன, வீடு மட்டும் ருக்மணி வீடு" என்றார்.