பாட்டிலிருந்து பெயர்கள் போன கதை

நண்டுகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தைவான் தீவின் கிழக்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஆமி மக்கள் வாழ்ந்தார்கள். அப்போது அவர்களுடைய பாட்டுகள் எல்லாவற்றிலும் சொற்கள் இருந்தன. தினை விதைக்கும் பாட்டில் ஊராரின் பெயர்களே இருந்தன. வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடும் பாட்டு அது. முதலில் காச்சாவ், அடுத்து மாயாவ், பிறகு சாவ்மா என்று நீண்டுகொண்டே போகும்.

சாவ்மாவின் மகள் டோங்கிக்குப் பாட்டு இருந்தால் சோறு வேண்டாம்.

"சாப்பிடும்போதாவது வாயை மூடேன்டி," என்பாள் சாவ்மா.

"மூடினால் எப்படிச் சாப்பிடுவாள், அக்கா?" என்று சிரிப்பார் சாவ்மாவின் தம்பி மாயாவ்.

ஆனால் டோங்கியோடு சேர்ந்து பாடத்தான் யாருக்கும் பொழுது இல்லை. அதனால் அவள் கடற்கரைக்குப் போய்த் தனியாகப் பாடுவாள்.

ஒரு காலை கடல்மேல் மூடுபனி இறங்கியிருந்தது. டோங்கி தினைப்பாட்டைத் தொடங்கினாள். பனிக்குள்ளிருந்து இன்னொரு குரல் வந்து அவள் குரலுக்குக் கீழே சேர்ந்துகொண்டது. அதுவும் அவளுடைய குரல்தான். கொஞ்சம் ஈரமாக இருந்தது.

அவள் காலடியில் ஒரு நண்டு வளையிலிருந்து கண்களை மட்டும் நீட்டியது. "போதும், வீட்டுக்குப் போ. அந்தப் பனிக்கு வாய் கிடையாது. உன்னுடையதை எடுத்துத்தான் பாடுகிறது."

"என்னோடு பாடுகிறதே! நீ பாடுவாயா?"

நண்டு உள்ளே போய் வளையின் வாயை மணலால் அடைத்துக்கொண்டது. டோங்கி கடைசிப் பெயர்வரை பாடி முடித்தாள்.

மறுநாள் மூடுபனி ஊர் எல்லைவரை ஏறி வந்தது. அதற்குள்ளிருந்து டோங்கியின் குரல், "காச்சாவ்," என்று பாடியது. குழந்தை வழி தவறிவிட்டாள் என்று எண்ணிய காச்சாவ், கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டுப் பனிக்குள் போனார். பனி விலகியபோது அவருடைய காலடித் தடங்கள் உலர்ந்த மணலில் பாதி தூரம் போயிருந்தன. அதற்கு மேல் இல்லை.

அடுத்த நாள் அது, "மாயாவ்," என்றது. வீட்டுக்குள் இருந்த டோங்கி, "மாமா, நான் இங்கே இருக்கிறேன்!" என்று கத்தினாள். வயலில் நின்ற மாயாவுக்குப் பனியின் குரல்தான் கேட்டது. "வருகிறேன் கண்ணு, அங்கேயே நில்லு," என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

அடுத்து யாருடைய பெயர் என்று டோங்கிக்குத் தெரியும். நடந்ததையெல்லாம் அம்மாவிடம் சொல்லி அழுதாள்.

"நீதான் என் மடியில் இருக்கிறாயே. நான் ஏன் போகப் போகிறேன்?" என்றாள் சாவ்மா.

விடிந்தபோது பனி வாசலில் நின்றது. "சாவ்மா," என்று பாடியது. சாவ்மா மகளின் கையைப் பிடித்திருந்தாள். ஆனாலும் எழுந்தாள். கையை விட்டாள். அவளுடைய ஒரு கால் வாசலைத் தாண்டி வெள்ளைக்குள் போய்விட்டது.

நண்டு சொன்னது அப்போதுதான் டோங்கிக்கு நினைவு வந்தது. அவள் பாடினால் பனியால் சேர்ந்து பாடாமல் இருக்க முடியாது. அவள் எப்படிப் பாடுகிறாளோ அப்படித்தான் அதற்கும் வரும். டோங்கி அதே மெட்டை முதலிலிருந்து எடுத்தாள். காச்சாவ் என்று வர வேண்டிய இடத்தில், பொருளே இல்லாத வெறும் ஒலியாக, "ஹோ ஹாய் யான்," என்று பாடினாள். பனியும் அப்படியே பாடியது.

அடுத்து மாமாவின் பெயர். அங்கே அவள் குரல் தடுமாறியது. அந்தப் பெயரையும் விட்டுவிட்டால் பனி அவரை மறந்துவிடும். மறந்தவரை அது எப்படித் திருப்பித் தரும்? அம்மாவின் இன்னொரு காலும் தரையை விட்டு எழுந்தது.

"ஹோ ஹாய் யான்," என்று பாடினாள் டோங்கி.

சாவ்மாவின் பெயரும் போனது. கடைசிப் பெயரும் போனது. கூப்பிட ஒன்றும் இல்லாமல் பனி மெல்லக் கடலுக்கு இறங்கியது. சாவ்மா திரும்பி வந்து உட்கார்ந்தாள். பனிக்குள் போன காலில் மட்டும் அதன்பின் சூடு ஏறவே இல்லை. காச்சாவும் மாயாவும் வரவில்லை.

அன்றைக்குப் பிறகுதான் ஆமி மக்களின் பல பாட்டுகளில் சொற்களே இல்லாமல் போயின. அன்று முதல்தான் அங்கே யார் பாடத் தொடங்கினாலும் அருகில் இருப்பவர்கள் கை வேலையை விட்டுவிட்டு உடனே கீழ்க்குரலில் சேர்ந்துகொள்கிறார்கள். பனி வந்து சேர்ந்த அந்த இடத்தை அவர்கள் காலியாக விடுவதில்லை.