பத்து வெள்ளிக்காசும் வெட்ட வேண்டிய கையும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தான். எந்த ராஜ்யம் என்று கேட்காதீர்கள். சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அவனுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. தன் எட்டு வயது மகன் உத்தமன் காசின் அருமையைக் கற்றுக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமைதோறும் பிள்ளைக்குக் கைச்செலவுக்குப் பத்து வெள்ளிக்காசு. அதைப் பார்த்துச் செலவழிக்கப் பழக்க, சடகோபன் என்ற இளம் வாத்தியார்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் ராஜா மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தான். இளவரசன் தாமரைக்குளத்தில் வெள்ளிக்காசுகளை ஒவ்வொன்றாக எறிந்து அலை எழுப்பி விளையாடிக்கொண்டிருந்தான்.

"யார் இவனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது?" என்று சபையில் கத்தினான் ராஜா.

பொக்கிஷ அதிகாரி திருமேனிநாதர் எழுந்தார். "கற்றுக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிறவர்தான் பிரபு. வேறு யார்?"

"இளவரசனுக்கு ஊதாரித்தனத்தைப் பழக்கிய கையை நாளை சபையில் வெட்டுங்கள்! மன்னிப்பே கிடையாது!"

ஆணையை ஓலையில் எழுதி முத்திரை வைத்தார்கள். சடகோபனைச் சிறையில் தள்ளினார்கள்.

திருமேனிநாதருக்கு அது போதவில்லை. அவருடைய கண் விகடகவி மாகாளியின் மேல் இருந்தது. தான் சொல்வதைவிட மாகாளி சொல்வதை ராஜா கேட்கிறான் என்று அவருக்கு ஆறாத எரிச்சல். சடகோபன் மாகாளியின் தோழன் என்பதும் அவருக்குத் தெரியும்.

"பிரபு, வெட்ட வேண்டிய கையை மாகாளியே பிடித்துக் காட்டட்டும். தவறினால் அவர் கையை வெட்டலாம். நட்பா, ராஜவிசுவாசமா, பார்த்துவிடுவோம்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

மாகாளிக்குக் காது மடல் கொதித்தது. சிரிக்க வைத்துச் சோறு தின்கிறவன் அவன். அன்று வாயைத் திறந்தால் வசவுதான் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நேரே சிறைக்குப் போனான்.

"என்னய்யா கத்துக்கொடுத்தே அந்தப் பயலுக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றான் சடகோபன். "பத்துக் காசும் தீர்ந்தா தீர்ந்ததுதான், அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் பொறுன்னு சொன்னேன். அவன் எங்கே பொறுத்தான்? தினமும் சபைக்கு ஓடி அப்பா மடியில விழுவான். ரெண்டு சொட்டுக் கண்ணீர். உடனே ராஜா கை இடுப்புப் பைக்குள்ள போயிடும். அந்தப் பையைக் காலையில நிரப்பி வைக்கிறதே திருமேனிநாதர்தான்."

"இதைச் சபையில சொல்றதுக்கென்ன?"

"கை போறதோட நிக்காம தலையும் போகட்டுங்கிறியா?"

மாகாளி சுவரில் ஓங்கிக் குத்தினான். "கெடுக்கிறவன் சிம்மாசனத்துல. வெட்டுப்படுறது உன் கையா?"

"உன் கையையாவது காப்பாத்திக்கோ. என்னையே காட்டிடு."

"வாயை மூடுடா."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சபை நடுவே மரக்கட்டை. பக்கத்தில் சடகோபன். வாள்காரன் மருதையன் வாளைத் தீட்டி முடித்துவிட்டான்.

"பொறு மருதையா. எந்தக் கைன்னு நான்தான் காட்டணும்" என்றான் மாகாளி.

"எவ்வளவு நேரம் விகடகவியாரே?" என்று இளித்தார் திருமேனிநாதர். "கை தானாக வந்து நிற்குமா?"

"நிற்கும். தினமும் வருகிற வேளைதான்."

அப்போது உத்தமன் ஓடி வந்தான். முந்தின நாள் கொடுத்த பத்தும் குளத்துக்குள் போயிருந்தது. "அப்பா, காசு தீர்ந்துபோச்சு!" என்று ராஜாவின் மடியில் விழுந்து தேம்பினான்.

"அழாதடா கண்ணா" என்றான் ராஜா. அவனுடைய கை பழக்க தோஷத்தில் இடுப்புப் பைக்குள் நுழைந்து, ஒரு பிடி காசோடு வெளியே வந்தது.

மாகாளி படிகளில் தாவி ஏறி அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

"அகப்பட்டது! மருதையா, கட்டையைத் தூக்கிட்டு வா!"

"ராஜதுரோகம்!" என்று அலறினார் திருமேனிநாதர்.

"ஓலையைப் படியும் ஐயா. ஊதாரித்தனத்தைப் பழக்கிய கை என்றுதான் இருக்கிறது. யாருடைய கை என்று இல்லை. வாத்தியார் பொறு என்று சொல்லிக்கொடுத்தார். இந்தக் கை தினமும், அழுதால் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்தது. பிள்ளை கெட்டிக்காரன். எது லாபமோ அதைப் படித்துக்கொண்டான்."

மருதையனுக்கு ஆணை என்றால் ஆணை. கட்டையைக் கொண்டுவந்து ராஜாவின் காலடியில் வைத்தான்.

"பிரபு, கங்கணத்தைக் கழட்டிடுறீங்களா? வாள் மழுங்கிடும்."

ராஜாவின் முகம் வெளுத்தது. கையிலிருந்த காசைப் பார்த்தான், மகனைப் பார்த்தான். பிறகு மருதையன் பயபக்தியோடு காத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சபையே சேர்ந்து சிரித்தது.

மாகாளி சிரிக்கவில்லை, பிடியையும் விடவில்லை. "சிரியுங்கள் பிரபு. நான் பிடித்திருக்காவிட்டால் இந்நேரம் சடகோபன் கை தரையில் துடித்துக்கொண்டிருக்கும். உங்கள் பிள்ளை நாளைக்கும் இதே மடியில் வந்து அழுதிருப்பான்."

ராஜாவின் சிரிப்பு அடங்கியது. ஓலையை வாங்கிக் கிழித்தான். "வாத்தியாரை விடுங்கள். திருமேனிநாதரே, என் பையை நிரப்பியவர் நீர். குளத்தில் இறங்கி ஒரு காசு விடாமல் பொறுக்கும்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போன கோலத்தைக் கண்டு ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு. நூறு பொன்னை மாகாளிக்குப் பரிசளித்தான். மாகாளி அதில் பாதியை எண்ணிச் சடகோபனின் வலது கையில் வைத்தான்.

"அப்போ எனக்கு?" என்று உள்ளங்கையை நீட்டினான் உத்தமன்.

"திங்கட்கிழமை" என்றான் ராஜா.

உத்தமன் உருண்டு புரண்டு அழுதான். ராஜா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். எழுந்திருக்கவே இல்லை.