மிதவை எண்ணாமல் விட்டது

ஒரு காலத்தில், ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலவறையில், வீட்டிலேயே பியர் செய்யும் பெட்டி ஒன்று திறக்கப்பட்டது. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: குழாய் வைத்த வெள்ளை வாளி ஒன்று, முளைகட்டிய வாற்கோதுமையில் செய்த மால்ட் பாகுத் தகரம் ஒன்று, கைப்புக்குப் போடும் ஹாப் பூப் பொட்டலம் இரண்டு, ஈஸ்ட் பொட்டலம் ஒன்று, வாளியின் மூடியில் செருகும் குமிழ்க்குழாய் ஒன்று, கழுவுமருந்து ஒன்று, சீனிப் பொட்டலம் ஒன்று, மூடி அழுத்தும் இரும்புக்கை ஒன்று, உயரமான கண்ணாடிக் குழல் ஒன்று, அந்தக் குழலுக்குள் மிதந்து அளக்கும் மிதவை ஒன்று, வழிகாட்டித் தாள் ஒன்று, போத்தலுக்கு அடிக்கும் தகர மூடிகள் இருபத்துநான்கு. மொத்தம் முப்பத்தாறு. இவர்களைத் தவிர மனிதர் இருவர்: வீட்டுக்காரர் குலநாயகம், அவர் மனைவி பவளராணி.

இந்தக் கணக்கை எடுத்தது மிதவை. அது மெல்லிய கண்ணாடி உடம்புக்காரர். கூச்சம் அதிகம், பேச்சு குறைவு. ஆனால் உடம்பு முழுவதும் கோடு கோடாக எண்கள். எதைக் கண்டாலும் எண்ணாமல் இருக்க அதனால் முடியாது.

சுவர் ஓரமாகக் கழுவிக் கவிழ்த்திருந்த வெற்றுப் போத்தல்களையும் அது எண்ணிவிட்டது. அவையும் இருபத்துநான்கு. குலநாயகத்தோடு கரப்பந்து விளையாடும் கூட்டாளிகள் இருபத்திரண்டு பேர் ஒரு மாதம் கழித்து வரப் போகிறார்கள். வீட்டுக்காரர் இருவரையும் சேர்த்தால், ஆளுக்கொரு போத்தல்.

மூடிகளுக்கு இது எதுவும் தெரியாது. அவர்களுக்கு ஒரே ஒரு கவலை. ஒரு மூடிக்குப் போத்தல் கிடைத்தால்தான் அது மூடி. கிடைக்காவிட்டால் அது வெறும் தகரத் துண்டு. பையின் அடியில் கடைசியாகக் கிடந்த இரண்டு சின்னவர்கள் மிதவையிடம் கேட்டார்கள்.

"பெரியப்பா, எங்களுக்கும் இடம் வருமோ?"

மிதவை தாளைப் பார்த்தது. வாளியில் எட்டரை லீற்றர் இருக்கும். அடியில் தங்கும் வண்டலுக்குக் கால் லீற்றர் போகும். அளந்து பார்க்க மூன்று தரம் எடுப்பார்கள். முதல் நாள் ஒரு தரம், முடிவில் அடுத்தடுத்து இரண்டு தரம். மிச்சம் சரியாக இருபத்துநான்கு போத்தல்.

"வரும் பிள்ளையள். என்ர கணக்கு பிழைக்கிறேல்லை," என்றது மிதவை. அது வாழ்க்கையில் கொடுத்த முதல் வாக்கு அதுதான்.

பவளராணி இடியப்பம் அவிக்கும் பெரிய பானையைக் கொடுத்தாள். திரும்பக் கழுவித் தர வேண்டும் என்று மூன்று முறை சொல்லிக் கொடுத்தாள். அதில் மால்ட் பாகு தண்ணீரோடு கொதித்தது. ஹாப் பூவில் ஒரு பொட்டலம் உள்ளே விழுந்ததும் வீடு முழுக்க ஆரஞ்சுத் தோடம்பழத் தோலும் பைன் மரமும் கலந்த வாசம். தான் அமெரிக்காவில் மலைச்சாரலில் பூத்தவள் என்று ஹாப் பெருமை பேசினாள். கொதிக்கிறவளுக்கு இந்தக் கதை தேவைதானா என்று பாகு கேட்டது.

ஆறிய பிறகு எல்லாம் வாளிக்குள் போயின. கடைசியில் ஈஸ்ட் பொட்டலத்தை வெட்டிக் கொட்டினார்கள். மணல்போல் இருந்தது. பேச்சில்லை, மூச்சில்லை.

அதற்கு முன்பே முதல் அளவை நடந்திருந்தது. குலநாயகம் வாளிக் குழாயைத் திறந்து கண்ணாடிக் குழலை நிரப்பினார். மிதவை அதற்குள் இறங்கியது. இனிப்பான பாகு கனமானது. அது மிதவையை உயரத் தூக்கிப் பிடித்தது. ஆயிரத்து ஐம்பத்திரண்டு என்ற கோட்டில் மிதவை நின்றது. இனி ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்னப் பாகு இலேசாகும், மிதவை தாழும். தாழ்வது நின்றால் வேலை முடிந்தது.

அளந்து முடிந்ததும் குழலில் இருந்ததைத் திரும்ப வாளிக்குள் ஊற்றக் குலநாயகம் கை எடுத்தார். கழுவுமருந்து மறித்தது. அது கண்டிப்பானது.

"வெளியிலே வந்தது திரும்ப உள்ளுக்குப் போகேலாது. ஒரு சொட்டும்," என்றது.

தாளிலும் அப்படியே இருந்தது. கீழே ஊற்ற மனமில்லாமல் குலநாயகம் அதைக் குடித்துப் பார்த்தார். சீனிப்பாணி மாதிரித் தித்தித்தது.

இரண்டாம் நாள் வந்தது. வாளியின் மூடியில் குமிழ்க்குழாய் குடுகுடுவென்று குமிழ் விட்டது. நிமிடத்துக்கு நாற்பது என்று மிதவை எண்ணியது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. மணல்போல் கிடந்த ஈஸ்ட் இப்போது எப்படி இருக்கும்? எவ்வளவு தின்றிருக்கும்? வாளியிடம் கேட்டது. தான் வெறும் சுவர் என்றது வாளி. கடைசியில் ஈஸ்டையே கூப்பிட்டுக் கேட்டது.

"சாப்பிடேக்கை கதைக்கிறேல்லை," என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

மிதவைக்கு இருப்புக் கொள்ளவில்லை. குலநாயகம் படியிறங்கி வந்தபோது அது தன் பெட்டிக்குள் மெல்லப் புரண்டது. கண்ணாடி 'டிக்' என்றது. அவருக்கும் அதே ஆசைதான் போலும். ஒருக்கால் பார்ப்போமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குழல் நிறைந்தது, மிதவை இறங்கியது. ஆயிரத்து நாற்பத்தொன்று. என்ன அழகான எண். குலநாயகம் குழலில் இருந்ததைக் குடித்தார்.

அடுத்த நாளும் 'டிக்'. ஆயிரத்து முப்பது. நாலாம் நாள் இருபத்திரண்டு. ஆறாம் நாள் பதினாறு. அன்றைக்குத்தான் இரண்டாவது ஹாப் பொட்டலமும் விழுந்தது. அதன் பிறகு எண்ணும் ருசியும் சேர்ந்து மாறுகிறதா என்று பார்க்க எட்டாம் நாள். பத்தாம் நாள் வெறும் ஆசைக்கு. பதின்மூன்றாம் நாளும் பதினான்காம் நாளும் தாள் சொன்னபடி. இரண்டு நாளும் ஆயிரத்துப் பன்னிரண்டு. மிதவை அசையாமல் நின்றது. வேலை முடிந்தது.

இதற்கிடையில் பவளராணி ஒரு நாள் பானையைத் தேடிக் கீழே வந்தாள். புருஷன் குழலும் கையுமாக நிற்பதைக் கண்டாள்.

"இஞ்சாருங்கோ, அளந்து பாக்கிறியளோ, குடிச்சுப் பாக்கிறியளோ?" என்று கேட்டாள்.

விஞ்ஞானம் என்றார் குலநாயகம். விஞ்ஞானத்துக்கு வாய் துடைக்கத் தேவையில்லை என்று சொல்லி அவள் பானையை எடுத்துக்கொண்டு போனாள்.

போத்தலில் அடைக்கிற நாள் வந்தது. ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் நுரை கட்ட அரைக் கரண்டி சீனி. குழாயைத் திறந்து நிரப்பினார் குலநாயகம். பவளராணி மூடியை வைத்து இரும்புக்கையை அழுத்தினாள். ஒவ்வொரு மூடியும் விளிம்பு மடங்கிப் போத்தலைக் கவ்விக்கொண்டது. மிதவை எண்ணிக்கொண்டே இருந்தது. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

குழாயிலிருந்து இப்போது வண்டல்தான் வந்தது. குலநாயகம் வாளியைச் சரித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

சுவர் ஓரத்தில் இரண்டு வெற்றுப் போத்தல்கள். பையின் அடியில் அந்த இரண்டு சின்னவர்கள். அவர்கள் மிதவையைப் பார்த்தார்கள்.

மிதவை மறுபடியும் எண்ணிப் பார்த்தது. யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று அது முடிவு செய்தது. வாளியை விசாரித்தது. ஒழுகியிருந்தால் நிலம் நனைந்திருக்குமே என்றது வாளி. நிலம் காய்ந்துதான் கிடந்தது. குமிழ்க்குழாய், தன்னால் போனது காற்று மட்டும் என்றது. ஹாப், தான் உறிஞ்சியது வண்டல் கணக்கிலே சேர்ந்துவிட்டது என்றாள். ஈஸ்ட் அடியில் களைத்துப்போய்க் கிடந்தது. தான் தின்றது சீனியைத்தான், தண்ணீரைக் குடிக்கவில்லை என்று அது கண்ணை மூடிக்கொண்டே சொன்னது.

மிதவையின் குரல் உயர்ந்தது. கள்ளன் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறான், பெயர் சொல்லாமல் ஒருவரும் அசையக் கூடாது என்றது. அது இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

குலநாயகமும் வாளி அருகே நின்று இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு பேருக்குச் சரி, எங்கள் இரண்டும் எங்கே போனது என்று மனைவியிடம் கேட்டார். பவளராணி இரும்புக்கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"உங்கட போத்தலை நீங்கள் முதலே குடிச்சிட்டியள். என்ரையையும் சேர்த்து."

மிதவைக்கும் அது கேட்டது.

பக்கத்தில் நின்ற கண்ணாடிக் குழல் அப்போதுதான் வாய் திறந்தது. இத்தனை நாளும் அதை யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

"அண்ணை, நீங்கள் இறங்கேக்கை ஒவ்வொரு முறையும் நான் நிறைஞ்சு நிண்டனான். அது எங்கையிருந்து வந்ததெண்டு நினைச்சியள்?"

மிதவை எண்ணிப் பார்த்தது. அது எல்லாவற்றையும் எண்ணியிருந்தது. குமிழ்களை, போத்தல்களை, நாட்களை. எத்தனை தரம் அளந்தோம் என்பதை மட்டும் எண்ணவில்லை. ஒன்பது தரம். தாள் சொன்னது மூன்று. அதிகம் ஆறு. ஒரு குழலுக்கு நூற்றுப்பத்து மில்லிலீற்றர். ஆறு குழலுக்கு அறுநூற்று அறுபது. ஒரு போத்தலுக்கு முந்நூற்று முப்பது.

சரியாக இரண்டு போத்தல். கணக்கில் ஒரு சொட்டும் பிழையில்லை.

மிதவையையும் மிஞ்சிய மூடிகளையும் பவளராணி ஒரே பெட்டிக்குள் போட்டு மூடினாள். அதற்குள் இருட்டு. மன்னிக்கச் சொல்லிக் கேட்க மிதவைக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேலே காலடிச் சத்தம் கேட்டது. சிரிப்புக் கேட்டது. பிறகு 'ப்ஸ்' என்று ஒரு போத்தல் திறந்தது. சின்னவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். மிதவை எண்ணவில்லை.

"பெரியப்பா," என்றான் ஒருவன். "அது எப்பிடி இருக்கும்?"

மிதவை சொன்னது. முதல் நாள் பாணி மாதிரி. மூன்றாம் நாள் புளித்த மா மாதிரி. எட்டாம் நாள் தோடம்பழத் தோலைக் கிள்ளினதுபோல ஒரு வாசம். பதினான்காம் நாள் இனிப்பு விலகிப்போய் நல்ல கைப்பு, நாக்கின் அடியில் நின்று மெதுவாகப் போகிற கைப்பு. ஒன்பதையும் ஒன்று விடாமல் சொன்னது.

சின்னவர்கள் கவனமாகக் கேட்டார்கள்.

"அப்ப எங்கட பங்கு உங்களிட்டைத்தான் இருக்கு," என்றான் மற்றவன். அவன் குற்றம் சொல்லவில்லை. தெரிந்துகொண்டதைத்தான் சொன்னான்.

மேலே கடைசி 'ப்ஸ்' கேட்டது. பிறகு கேத்தல் கொதித்தது. வீட்டுக்காரர் இருவருக்கும் தேத்தண்ணி.

திறந்தது இருபத்திரண்டு. பெட்டிக்குள் மிச்சம் இரண்டு.