பக்கத்து வீட்டுப் பிள்ளைக் கணக்கு

மாறவேள் மன்னனிடம் நாட்டிலுள்ள ஆட்டுக்கும் மாட்டுக்கும் கணக்கு இருந்தது. ஒரு தாய் எத்தனை பிள்ளை பெறுகிறாள் என்பதற்கு மட்டும் ஓலை நறுக்குக்கூடக் கிடையாது. கேட்டுவரும்படி அமைச்சர் அழகியதரையரை ஏவினான்.

அமைச்சரின் ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள். எல்லா வாசலிலும் ஒரே பதில்தான்: "ஏதோ, ஆண்டவன் கொடுத்தது ஒண்ணு ரெண்டு." முற்றத்தில் ஒரு பட்டாளமே புரண்டுகொண்டிருந்தாலும் பதில் மாறவில்லை. பெற்றவள் வாயால் எண்ணிச் சொன்னால் கண்பட்டுவிடும் என்பது அந்த நாட்டு வழக்கம். அமைச்சர் வீட்டிலும் அதே வழக்கம்தான். ஆனால் அரசாங்க வேலை என்று வந்துவிட்டால் மனிதர் மூளையை வீட்டில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

தாய்க்குப் பிள்ளை ஒன்றரை என்று அவர் முடிவு கட்டினார். மன்னன் பதறிப்போனான். நாளைக்குப் படைக்கு ஆள் ஏது? தை பிறந்ததும் ஆண்கள் எல்லோரும் இரண்டாம் தாரம் கட்டவேண்டும் என்று ஆணை தயாரானது.

மன்னனைச் சிரிக்கவைப்பதே பிழைப்பாகக் கொண்ட சாத்தன் ஆணையைக் கேட்டதும் வீட்டுக்கு ஓடினான். கட்டிய ஒருத்தியிடமே அவன் படும் பாடு ஊரறிந்தது. அவன் மனைவி நாச்சி உலக்கையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசவே தொடங்கினாள்.

"தாராளமாக் கட்டிக்குங்க. அவளும் நீங்களும் மாட்டுக் கொட்டில்ல குடியிருங்க. எல்லாம் அடுத்த வீட்டுக்காரியால வந்த வினை. ஏழு பெத்து வச்சுக்கிட்டு ரெண்டுன்னு சொன்னா பாருங்க."

சாத்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நீ எத்தனைன்னு சொன்னே?"

"ஏதோ, ஒண்ணு ரெண்டு" என்றாள் ஆறு பெற்ற நாச்சி.

அவ்வளவுதான். மன்னனிடம் தவணை வாங்கிக்கொண்டு சாத்தன் தெருத்தெருவாகப் புறப்பட்டான். எவளிடமும் அவள் பிள்ளைகளைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு எத்தனை என்று கேட்டான். அடுத்தவள் பிள்ளைக்குக் கண்பட்டால் இவளுக்கென்ன? பெயர், வயது, யார் ஜாடை என்பதுவரை கொட்டித் தீர்த்தார்கள்.

சபைக்கு வந்து, தாய்க்கு ஐந்தரை என்றான்.

"அந்த அரைப் பிள்ளை எங்கே?" என்று அமைச்சர் நக்கலடித்தார்.

"வயிற்றில் இருக்கிறது, ஐயா."

சபையே சிரித்தது, மன்னன் சிரிக்கவில்லை. பெற்றவள் சொன்னதை விட்டுப் பக்கத்து வீட்டு வம்பை எப்படி நம்புவது என்று கேட்டான்.

"இங்கேயே சோதித்துவிடலாம். மன்னருக்கு எத்தனை குழந்தைகள்?"

திரைக்குப் பின்னால் ராணிகள் இருந்தார்கள். மன்னன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஏதோ, ஆண்டவன் கொடுத்தது ஒன்றிரண்டு."

சபையில் பக்கத்து நாட்டுத் தூதர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சாத்தன் அவரிடம் திரும்பினான். "நீங்கள் சொல்லுங்கள் ஐயா. எங்கள் மன்னருக்கு எத்தனை?"

தூதர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். "அரண்மனைக்குள் இருப்பது மட்டுமா, வெளியே இருப்பதையும் சேர்த்தா?"

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான், கொஞ்சம் அவசரமாகவே. ஐந்தரையே சரி என்றான். ஆணை ஓலையைத் தன் கையாலேயே முறித்துப் போட்டான். சாத்தனுக்கு முத்துமாலை கொடுத்தான். தூதர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அதில் ஒரு கொழுக்கட்டையை வைக்கச் சொன்னான்.